லிமாவில் மணி பார்த்துச் சாப்பிடுவது எப்படி

பெரு நாட்டுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தலைநகர் லிமாவில் ஒரு ராத்திரி தங்குவார்கள், மிராஃப்ளோரெஸ் கடலோரப் பாறைமேல் நின்று நாலு படம் எடுப்பார்கள், மறுநாள் காலை மாச்சு பிச்சு பார்க்கக் குஸ்கோவுக்கு விமானம் ஏறிவிடுவார்கள். பாவம் என்றுதான் சொல்லத் தோன்றும். சாப்பாட்டுக்காக மட்டும் மூன்று நாலு நாள் தங்கலாம் என்று தென் அமெரிக்காவில் ஒரு ஊரைக் காட்டச் சொன்னால் நான் லிமாவைத்தான் காட்டுவேன். உலகின் சிறந்த உணவகங்கள் என்று வருடாவருடம் ஒரு பட்டியல் வருமே, அதில் 2023இல் முதலிடம் பிடித்த சென்ட்ரால், 2025இல் பிடித்த மைதோ, இரண்டும் இந்த ஊர்க் கடைகள்தான். ஆனால் அங்கே உட்கார நிறைய முன்பே இடம் பிடிக்க வேண்டும், பணமும் ஏகத்துக்கு ஆகும். இது தெருவிலும் சந்தையிலும் சாப்பிட நினைப்பவர்களுக்கு.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: லிமாவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. கடைப் பெயர்களைத் தேடி ஊரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலைவதைவிட, இந்த மணிக்கு ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே சாப்பிடுங்கள், ஊர் தானாகப் பிடிபடும்.

காலையில் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி அலுவலகம் போகிறவர்கள் நின்றுகொண்டே குடிப்பார்கள். அது எமோலியெந்தே. வறுத்த பார்லி, ஆளிவிதை, சில மூலிகைகள் சேர்த்துக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, நம் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றித் தருவார்கள். ஆளிவிதையால் கொழகொழவென்று இருக்கும். பிடிக்காவிட்டால் “கொழகொழப்பு குறைவாக” என்று சைகையிலாவது சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே வெண்ணெய்ப்பழம் வைத்த பன், முட்டை வைத்த பன் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கதையே வேறு, அன்று காலை ஊரே பான் கொன் சிச்சரோன் சாப்பிடும்: பன்னுக்குள் பொரித்த பன்றிக்கறி, பொரித்த சர்க்கரைவள்ளித் துண்டு, மேலே எலுமிச்சையில் ஊறிய வெங்காயம். இதைச் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது.

பத்து மணிவாக்கில் சந்தைக்குப் போங்கள். மிராஃப்ளோரெஸில் தங்கியிருந்தால் விரைவுச்சாலைக்கு மேலே பாலத்தைக் கடந்தாலே சுர்கியோவின் ஒன்றாம் எண் சந்தை வந்துவிடும். விற்கிறவர் உங்களைக் கசேரா, கசேரோ (நம் ‘வாடிக்கைக்காரரே’ மாதிரி) என்று கூப்பிடுவார், நீங்களும் அப்படியே திருப்பிக் கூப்பிடலாம், முகம் மலர்ந்துவிடும். பழக்கடையில் லூகுமா கேளுங்கள். வெளியே பச்சை, உள்ளே அவித்த முட்டையின் மஞ்சள் கரு போல மாவாக இருக்கும், பழமாகச் சாப்பிடுவதைவிட ஐஸ்கிரீமாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. சிரிமோயா நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய சொந்தம், ஆனால் சதை இன்னும் நிறைய. ஜூஸ் கடையில் ஒரு தம்ளர் குடித்து முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள், “யாபா” என்று கேட்டால் மிக்ஸியில் மீதி இருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள்.

அங்கேயே மிளகாய்க் கடையையும் ஒரு பார்வை பாருங்கள். உலகத்துக்கே மிளகாய் கொடுத்தது இந்தக் கண்டம்தான், நம் சாம்பாருக்கும் சேர்த்து. ஆரஞ்சு நிறத்தில் நீளமாக இருப்பது அஹி அமரில்யோ, லிமா சமையலில் பாதி அதன் மேல்தான் நிற்கிறது, காரத்தைவிட வாசனைதான் அதில் அதிகம். குட்டிக் குடைமிளகாய் மாதிரி சாதுவாக உட்கார்ந்திருப்பது ரொகோத்தோ. வெட்டினால் உள்ளே விதை கறுப்பாக இருக்கும். ஆந்திரா மிளகாய்க்குப் பழகிய நாக்கு என்றாலும் கொஞ்சம் பார்த்து.

சரி, மத்தியானம். இதுதான் செவிச்சேயின் நேரம், இதை ராத்திரிக்குத் தள்ளிப்போடாதீர்கள். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் புரட்டித் தருகிற பண்டம் இது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் விடியற்காலை பிடித்த மீனை மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்றிருந்தது. குளிர்பெட்டி வந்தபிறகும் பழக்கம் போகவில்லை. நல்ல செவிச்சே கடைகள் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும், பல கடைகள் திங்கட்கிழமை திறப்பதே இல்லை.

சமையல் மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் செய்வதைப் பாருங்கள். மீனைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, முதலில் உப்பு, அப்புறம் அஹி லிமோ என்ற சின்ன மிளகாய், அதன் பிறகுதான் எலுமிச்சை. பழத்தை ஒட்டப் பிழிய மாட்டார்கள், பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். மெல்லிசாகச் சீவிய சிவப்பு வெங்காயத்தைத் தூவிக் கலக்கி, சில நிமிடத்தில் தட்டு உங்கள் முன்னே வந்துவிடும். ஓரத்தில் அவித்த சர்க்கரைவள்ளி, பெரிய பெரிய மணியாக ஒரு சோளம், கொறிக்க வறுத்த சோளம். முன்பெல்லாம் மீனை மணிக்கணக்கில் ஊறவைத்தார்களாம், 1899 முதல் வந்து குடியேறிய ஜப்பானியர்களின் கைப்பக்குவம் சேர்ந்துதான் இப்படிச் சட்டென்று செய்கிற வழக்கம் வந்தது என்கிறார்கள். கடைசியில் தட்டில் தேங்கும் வெள்ளைச் சாற்றை விட்டுவிடாதீர்கள். அதன் பெயர் புலிப்பால், தனியாகத் தம்ளரில்கூட விற்கிறார்கள்.

கையில் காசு குறைவா, அல்லது மீன் ஆகாதா? மத்தியானம் எந்தச் சாதாரணத் தெருவிலும் வாசலில் “மெனு” என்று பலகை வைத்திருப்பார்கள். அது விலைப்பட்டியல் அல்ல, அன்றைய சாப்பாடு: ஒரு சூப் அல்லது முன்தட்டு, ஒரு முக்கியத் தட்டு, ஒரு தம்ளர் பானம், சாதாரணப் பேட்டைகளில் 12 முதல் 20 சோலுக்குள் (சோல் என்பது பெரு நாட்டுப் பணம்) முடிந்துவிடும். ஒரு மணிக்கு எந்தக் கடையில் கூட்டமோ அங்கே நுழையுங்கள்.

சைவக்காரர்கள் ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “கார்னே (கறி) வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் கோழி கார்னே இல்லை. “நி கார்னே, நி போய்யோ, நி பெஸ்காடோ” என்று கறி, கோழி, மீன் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்கறி சூப்பும் கோழி எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் நம்பிச் சாப்பிட பாப்பா அ லா வான்காயினா இருக்கிறது, அவித்த உருளைக்கிழங்கின் மேல் அஹி அமரில்யோவும் பாலாடைக்கட்டியும் அரைத்த சாறு. காவுசா என்கிற மசித்த உருளைக்கிழங்கு அடுக்கும் அருமை, உள்ளே கோழியோ டூனா மீனோ வைக்காமல் தரச் சொன்னால்.

சாயங்காலம் பழைய நகரத்துக் கபோன் தெரு, சீனர் பேட்டை. 1849 முதல் கான்டன் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே வந்து கடை போட்டார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கடைக்குப் பெயர் சீஃபா, லிமாவில் சீஃபா இல்லாத பேட்டை கிடையாது. சௌஃபா என்கிற வறுத்த சாதம் வாங்குங்கள், காய்கறி மட்டும் போட்டும் தருவார்கள். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் லோமோ சால்தாடோவை விடக் கூடாது: சீனச் சட்டியில் சோயா சாஸ் விட்டு வதக்கிய கறி, வெங்காயம், தக்காளி, ஒரே தட்டில் சோறும் உருளை வறுவலும்.

இருட்டியதும் புகை வாசம் வரும் பக்கம் நடங்கள். ஆன்டிகூச்சோ என்பது மாட்டு இதயத்தை வினிகர், பூண்டு, சீரகம், அஹி பாங்கா மிளகாயில் ஊறவைத்துக் குச்சியில் குத்திச் சுடுவது, எண்ணெய் தடவச் சோளத்தோகையைக் கட்டிய தூரிகை. எஜமானர்கள் கழித்துப்போட்ட உறுப்புகளை வைத்து ஆப்பிரிக்க அடிமைகள் ஆக்கிய சமையலிலிருந்து வளர்ந்தது இது. பக்கத்து வண்டியில் பிகரோனெஸ்: சர்க்கரைவள்ளியும் பூசணியும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவைக் கையை நனைத்து எடுத்து, விரலாலேயே ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டு, குச்சியால் திருப்பி எடுத்து வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். சூடாகவே தின்ன வேண்டும்.

சில்லறை நோட்டுகளும் நாணயமும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்காரரிடம் 100 சோல் நோட்டை நீட்டினால் திரும்பிப் பார்க்க மாட்டார். குழாய்த் தண்ணீர் வேண்டாம். இரவு செயலி வழியாக டாக்சி பிடியுங்கள், தெருவில் போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

அக்டோபரில் போனால் அது பக்தர்கள் ஊதா உடையில் போகும் கத்தோலிக்க ஊர்வலம் நடக்கும் மாதம், துர்ரோன் தே தோன்யா பெப்பா என்கிற சோம்பு மணக்கும் இனிப்பு எங்கும் குவிந்திருக்கும், கண்டிப்பாக ஒரு துண்டு. கிளம்பும் நாளன்று ராத்திரி விமானமாக இருந்தால் போய்யோ அ லா பிராசா சாப்பிட்டுவிட்டுப் போங்கள், 1950இல் லிமாவுக்கு வெளியே ஒரு சுவிஸ்காரர் ஆரம்பித்துவைத்த தணல் கோழி. கால், அரை, முழு என்று கேட்டு வாங்க வேண்டும். கூடவே வறுவல் மலைபோல் வரும் என்பதால் இரண்டு பேருக்கு அரைக்கோழியே தாராளம்.