இரவில் சின்ன விமானம் ஓட்ட எந்த விளக்கு, எப்போது? அமெரிக்க விதிகள் படிப்படியாக

பிரைவேட் லைசன்ஸ் வாங்கியாயிற்று, பகலில் ஓட்டிப் பழகியாயிற்று, இனி இருட்டில் கிளம்பலாம் என்று இருப்பவர்களுக்காக இது. எல்லாமே எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகள், அதிலும் விஎஃப்ஆர் பயணத்துக்கு, அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கு மட்டும்.

படி 1: ராத்திரி எப்போது ஆரம்பிக்கிறது?

முக்கால்வாசிப் பேர் குழம்புவது இங்கேதான். விதிப்புத்தகத்தில் ராத்திரிக்கு மூன்று தொடக்கங்கள் உண்டு. சூரியன் மாலை 7:00 மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7:00 மணிக்கே பொசிஷன் விளக்குகள் (விமானத்தின் இருப்பைக் காட்டும் இறக்கை, வால் விளக்குகள்) எரிய வேண்டும் (விதி 91.209). வானம் இன்னும் வெளுப்பாக இருக்கிறதே என்றெல்லாம் வாதாட முடியாது.

சுமார் 7:30-க்கு சிவில் ட்வைலைட், அதாவது சூரியன் மறைந்தபின் வானில் மிஞ்சும் அந்தி வெளிச்சம், முடிகிறது. சட்டப்படி 'இரவு' இதுதான். லாக்புக்கில் இரவு நேரம் எழுதுவதும், படி 2-இல் வரும் உபகரணப் பட்டியலும், 45 நிமிடம் கூடுதலாகப் பறக்கப் போதுமான ரிசர்வ் எரிபொருளும் இங்கிருந்து கணக்கு.

8:00 மணிக்கு மேல் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், கடந்த 90 நாளுக்குள் 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் செய்திருக்க வேண்டும். அவையும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும், உதிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பும் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தி இறங்கியிருக்க வேண்டும். டச் அண்ட் கோ (தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்புவது) செல்லாது. அதனால் 7:40-க்கு இறங்கினால் லாக்புக்கில் அது இரவு நேரம்தான், ஆனால் இந்த 3 லேண்டிங்கில் சேராது.

அந்த 7:30 ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். குத்துமதிப்பாக அரை மணி கூட்டாமல், அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஃபோர்ஃபிளைட் ஆப் வைத்திருந்தால் அதிலேயே இருக்கும்.

படி 2: விமானத்தில் என்ன இருக்க வேண்டும்?

பகல் பட்டியலோடு 91.205 கூடுதலாகக் கேட்பவை: பொசிஷன் விளக்குகள் (இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை), ஆன்ட்டி கொலிஷன் விளக்கு (மோதலைத் தவிர்க்க மினுக்கும் பீக்கன் அல்லது ஸ்ட்ரோப்), இவற்றுக்குப் போதுமான மின்சாரம், பறக்கும்போது கைக்கு எட்டும் இடத்தில் உபரி ஃபியூஸ். எல்லாமே சர்க்கியூட் பிரேக்கராக இருந்தால் ஃபியூஸுக்கு வேலையில்லை.

லேண்டிங் லைட்? காசு வாங்கி ஆளோ சரக்கோ ஏற்றினால்தான் கட்டாயம். சொந்தப் பயணத்துக்குச் சட்டம் கேட்கவில்லை. அது இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன், அது வேறு விஷயம்.

படி 3: கிளம்பும் முன் சோதனை

மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு, இறங்கி ஒரு சுற்று வாருங்கள். சீக்கிரம் முடியுங்கள், பேட்டரி இறங்கிவிடும். வால் விளக்கைத் தவறாமல் பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்தபின் அது கண்ணில் படாது. கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆன்ட்டி கொலிஷன் விளக்கு நடுவழியில் பழுதானால், சரிசெய்யக்கூடிய இடம்வரை போகலாம் என்று விதியே அனுமதிக்கிறது. பொசிஷன் விளக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

டார்ச்: சிவப்பு வெளிச்சம் மட்டுமே தரும் டார்ச்சை வாங்காதீர்கள். வரைபடத்தில் உள்ள சிவப்பு, மெஜந்தா கோடுகள் அதில் மங்கி மறைந்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கக்கூடிய வெள்ளை ஹெட்லேம்ப் போதும். கூடவே இன்னொன்றும் வையுங்கள்.

படி 4: எதை எப்போது போடுவது?

என் வழக்கம்: இன்ஜினைக் கிளப்பும் முன் பீக்கன், ரன்வேயில் நுழையும்போது ஸ்ட்ரோப். டாக்ஸியில் (தரையில் ஓட்டிப் போகும்போது) ஸ்ட்ரோப் அடித்தால் எதிரே வருபவர் கண் கூசும். மேகமோ மூட்டமோ ஒளியைத் திருப்பி அடித்தால், பாதுகாப்புக்காக விமானி ஸ்ட்ரோபை அணைக்கலாம், 91.209 இதற்கு இடம் தருகிறது.

கட்டுப்பாட்டு டவர் இல்லாத விமான நிலையங்கள் பலவற்றில் ரன்வே விளக்கை நீங்களேதான் எரிய வைக்க வேண்டும். உரிய அலைவரிசையில் 5 விநாடிக்குள் மைக் பட்டனை 7 முறை அழுத்தினால் முழு வெளிச்சம். 5 முறை நடுத்தரம், 3 முறை குறைவு. 15 நிமிடம் எரியும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும் இறங்கும் முன் மறுபடி அழுத்துங்கள், 15 நிமிடம் புதிதாக ஆரம்பிக்கும்.

பின்சேர்க்கை: டாஷ்போர்டு விளக்கு ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். 91.205-இன் விஎஃப்ஆர் இரவுப் பட்டியலில் அது இல்லைதான். ஆனால் உங்கள் விமானத்தின் கையேட்டிலும் ஓர் உபகரணப் பட்டியல் இருக்கலாம். இரவு விஎஃப்ஆருக்கு அதில் கேட்டிருந்தால், அதுவும் கட்டாயம்தான்.

அலாஸ்காவில் ஓட்டுபவர்களுக்கு: அங்கே பொசிஷன் விளக்குக்கு அஸ்தமன நேரம் கணக்கில்லை. விளக்கில்லாத பெரிய பொருள் ஒன்று 3 மைல் தொலைவிலிருந்து தெரியாவிட்டால், அல்லது சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டால், போட்டாக வேண்டும்.