பாட்டனார் கடையும் வீடும் யாருக்குப் போனது? பழைய பத்திரங்களில் தேடிப் பிடிக்கும் முறை

பாத்திரக்கடை, செக்கு, நகைப்பட்டறை, தறிக்கூடம் என ஏதோ ஒரு தொழில் செய்து நாலு காசு சேர்த்த முன்னோர், சொத்தை எப்படி விட்டுப்போனார் என்று தேடுவோருக்கான குறிப்பு இது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களை வைத்துத்தான் எழுதுகிறேன். முஸ்லிம் குடும்பங்களில் கணக்கே வேறு: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

பட்டா, சிட்டா எடுப்பதெல்லாம் தெரிந்திருக்கும். நேரே பத்திரத்துக்கு வருவோம்.

1. முதலில் ஒரு தாள், ஒரு பென்சில்

குடும்ப மரத்தை வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இறந்த ஆண்டு கட்டாயம் வேண்டும், தோராயமாக இருந்தாலும் சரி. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அந்த ஆண்டுதான் சொல்லும். இதற்கென்று இருக்கும் செயலிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ஆள் மூன்று பெயரில் வரும்போது அவை குழப்பிவிடும். சுப்பையா, சுப்பிரமணியன், சுப்பராயப் பத்தர் மூவரும் ஒருவராகவே இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

2. வில்லங்கத்தில் உயில் வராது

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், உயில் எதுவும் தெரியாது, "தாத்தா ஒன்றும் எழுதி வைக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், சார்பதிவகத்தின் 1 புத்தகம் என்ற பதிவேட்டிலிருந்து தயாராவது. கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் அதில் ஏறும். உயில் ஏறுவது 3 புத்தகத்தில். 1908 பதிவுச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

3 புத்தகத்தை நீங்களே புரட்ட முடியாது. சட்டப்படி பதிவு அலுவலர்தான் தேடுவார். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். இறந்தபிறகு மனுச் செய்யும் எவருக்கும் தரலாம். ஆகவே மனுவோடு இறப்புச் சான்றையும் வையுங்கள். மனுவில் சொத்து விவரத்தை விட எழுதியவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில், தேட வேண்டிய ஆண்டுகள் ஆகியவைதான் முக்கியம். பதிவில் ஆளை அடையாளம் காட்டத் தொழிலையும் எழுதும் வழக்கம் உண்டு. ஒரே தெருவில் இரண்டு முத்துசாமிகள் இருந்தால் 'ஜவுளி வியாபாரம்' என்ற ஒரு வரிதான் பிரித்துக் காட்டும். முதல் படியில் எழுதிய பெயர்களையெல்லாம் இங்கே கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்த பொறி: சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்தச் சார்பதிவகத்தில்தான் உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீடு காரைக்குடியில், கடை மதுரையில் என்றால் இரண்டு இடத்திலும் தேடுங்கள். கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்திருந்தால் அந்த ஊரிலும். உயிலைப் பதிவதற்குக் காலக்கெடுவும் இல்லை. எழுதியவர் இறந்தபிறகு அதன்படி உரிமை கோருபவரே கொண்டுபோய்ப் பதியலாம். அதனால் தேடும் ஆண்டுகளை இறப்போடு நிறுத்தாமல் பின்னாலும் நீட்டுங்கள். உறையில் அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்த உயில்களும் உண்டு; அவை 5 புத்தகம். சென்னைப் பட்டணத்து உயில் என்றால் உயர்நீதிமன்றத்துப் புரொபேட் (உயிலை நீதிமன்றம் மெய்ப்பித்து உறுதிசெய்தது) பதிவுகளையும் பாருங்கள்.

பதிவு செய்யாத உயிலும் செல்லும், பதிவு விருப்பம்தான். பதிவகத்தில் கிடைக்கவில்லை என்பதற்காகப் பீரோவைத் தேடாமல் விடாதீர்கள்.

3. உயில் இல்லையா? பாகப்பிரிவினையைத் தேடுங்கள்

தொழில் செய்தவர்கள் சாகுமுன்பே மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது சகஜம். பதிவான பாகப்பத்திரம் 1 புத்தகத்தில் கிடைக்கும். 1975க்கு முந்தையதைப் பெரும்பாலும் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், இணையத்தில் எதிர்பார்க்காதீர்கள். வாய்மொழியாகப் பிரித்து, பிறகு ஞாபகத்துக்காக எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பின்னாளில் யாராவது விற்ற கிரயப் பத்திரத்தின் முன்னுரையைப் படியுங்கள். 'வாய்மொழியாக ஏற்பட்ட பாகப்படி எனக்குப் பாத்தியப்பட்டு' என்று ஒரு வரி வரும்.

4. படிப்பது

மங்கிய மையைப் படிக்கப் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், அரைகுறை எழுத்தை முழுதாகவே அழித்துவிடும்.

௸ என்றால் மேற்படி. ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௹ ரூபாய். பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) என்றால் அதோடு 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591. அறுபது ஆண்டுச் சுற்றின் முதலான பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஏப்ரல்களில் பிறந்தது. மற்றவற்றை அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

பங்கை அணாவில் எழுதியிருப்பார்கள். முழுச் சொத்து 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. 5 அணா 4 பை என்றால் மூன்றில் ஒன்று, 2 அணா 8 பை ஆறில் ஒன்று.

எல்லையில் கவனம். 'ராமசாமி வீட்டுக்கு வடக்கு' என்றால் நம் சொத்து அவர் வீட்டுக்கு வடக்கே இருக்கிறது, அதாவது ராமசாமி நமக்குத் தெற்கு எல்லை. இதைத் தலைகீழாகப் படித்துப் பக்கத்து மனையை அளப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

5. அவருக்கு எழுதிக்கொடுக்க உரிமை இருந்ததா?

'என் சுயார்ஜிதமான' (நானே சம்பாதித்த) என்று உயில் தொடங்கினால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1956க்கு முன் பிதுரார்ஜிதச் சொத்தில், அதாவது முன்னோர் வழி வந்த சொத்தில், தன் பிரிபடாத பங்கை உயிலால் கொடுக்க முடியாது. அதனாலேயே அந்த வார்த்தை எல்லா உயிலிலும் முன்வரிசையில் நிற்கும். கடை வாங்கிய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்பே அவருடைய அப்பா காலத்துக் கடை வருமானம் கொடுத்துக்கொண்டிருந்தால், சுயசம்பாத்தியம் என்பது வழக்காகும் விஷயம். துருத்தி, உலை, பட்டடைக்கல், பற்று வரவு நிலுவை ஆகியவை எந்த மகனுக்குப் போயின என்றும் பாருங்கள். தொழிலைத் தொடர்ந்தவன் யாரென்று தெரியும்.

மனைவிக்கு 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து' என்றும் மகனுக்குத் 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்றும் இருக்கும். முன்னது அனுபவம் மட்டும், பின்னது விற்கும் உரிமையோடு. 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் அந்த விதவை உயிரோடு சொத்தை வைத்திருந்தால் கதை மாறலாம்: ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்தது அவருக்கே முழு உரிமையுள்ள சொத்தாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் உயிலால் மட்டும் வந்த வரையறுத்த உரிமை அப்படியே நிற்கும். இரண்டில் எது என்பது உங்கள் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது, வக்கீலிடம் காட்ட வேண்டிய இடம் இது.

பின்சேர்க்கை: இரண்டு சந்தேகங்கள்

சாட்சிக் கையெழுத்து இல்லாத பழைய உயில் செல்லாதா? எழுதிய தேதியைப் பாருங்கள். இரண்டு சாட்சி விதி சென்னைப் பட்டணத்து இந்துக்களுக்கு 1870 செப்டம்பர் முதலே உண்டு. மற்ற ஊர்களில் அது 1927 ஜனவரி 1 முதல்தான். 1915இல் கும்பகோணத்தில் எழுதியதைச் சாட்சி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள முடியாது.

கடை வாடகையில் மண்டகப்படி (கோயில் திருவிழாவில் சாமிக்குச் செய்யும் உபயம்) நடத்தச் சொல்லியிருந்தால் கடை சாமி சொத்தா? செலவை மட்டும் வாடகைமேல் சுமத்திவிட்டுக் கடையை மகன்களுக்கு எழுதியிருந்தால் அது குடும்பச் சொத்துதான், கட்டளைச் சுமையோடு. கடையையே சாமி பேரில் எழுதிவிட்டு மகன்களை நிர்வாகம் பார்க்கச் சொல்லியிருந்தால் அவர்களால் விற்க முடியாது. முன்னது எனில் வாங்குபவருக்கும் அந்தச் சுமை சேர்ந்தே போகும் என்பதை விற்பனைப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.