ஆர்எக்ஸ் 100 சேசிஸை உரித்து பெயிண்ட் அடிப்பது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 நம் ஊரில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. அதனால் இன்று உங்கள் கையில் இருப்பது எதுவானாலும் குறைந்தது கால் நூற்றாண்டு வெயிலும் மழையும் பார்த்திருக்கும். பெயிண்ட் நிற்பதும் உரிவதும் அடியில் இருக்கும் இரும்பை எவ்வளவு சுத்தம் செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கடைசி கோட்டிங்குக்கு அவசரப்படாதீர்கள்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் சேசிஸை டீசலும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஹேண்டில் மாட்டும் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே கிரைண்டர் பட்டு எழுத்து தேய்ந்தால் ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது பெரிய சிக்கல். அந்த இடத்தைக் கடைசியில் பெயிண்ட் ரிமூவர் (பழைய பெயிண்டை இளக்கும் மருந்து) தடவித் துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து உரிப்பது. ரப்பர் கையுறை போட்டு, திறந்தவெளியில் பெயிண்ட் ரிமூவரைத் தடிப்பாகத் தடவி, பாலிதீன் தாளால் மூடி இருபது நிமிடம் விடுங்கள். பெயிண்ட் பால் ஆடை மாதிரி சுருங்கி எழும்பும், அப்போது சுரண்டுங்கள். கம்பெனி பெயிண்ட் சூட்டில் காய்ந்தது, இரண்டாம் தடவையும் தடவ வேண்டி வரலாம். மிச்சத்தைக் கம்பி பிரஷ், 80, அப்புறம் 180 எமரி என்று போய் எடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் மாட்டும் இடத்தில்தான் சேறு தங்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் பட்டி வைத்து மறைக்காமல் வெல்டரிடம் கொண்டுபோங்கள், இது உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

சுத்தமான இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள். ஒருமுறை நான் தொட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் என் ஐந்து விரல் ரேகையும் செம்பழுப்புத் துருவாகப் படிந்திருந்தது. அதனால் உரித்த அன்றே தின்னரால் துடைத்து பிரைமர் அடித்துவிட வேண்டும்.

போல்ட் துளைகளில் பழைய போல்ட்டைத் திருகி, பேரிங் கப்பில் துணி அடைத்து, சேசிஸைக் கம்பியில் தொங்கவிடுங்கள். 2கே எபாக்ஸி பிரைமரை (ஹார்டனர் சேர்த்தால் இறுகும் இரண்டு பாக அடிப்பூச்சு) டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி ஹார்டனர் கலந்து மெல்லிசாக இரண்டு கோட். மூலை முடுக்கு, அடிப்பக்கம் முதலில், வெளிக்குழாய் கடைசியில். காய்ந்ததும் 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, பியூ (பாலியூரிதேன்) கறுப்பு பெயிண்டை மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். மழை நாளில் வேண்டாம், பளபளப்பு மங்கிவிடும். ஹார்டனர் புகை நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்கியே ஆக வேண்டும்.

ஒரு வாரம் தொடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் போல்ட்டை முறுக்கும்போது பெயிண்ட் நசுங்கிவிடும். எர்த் வயர் மாட்டும் இடத்தில் மட்டும் இரும்பு தெரியுமளவு சுரண்டி, வயரை முறுக்கியபின் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மறந்தால் ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டரும் எரியாது.