ரக்பி தேசிய அணித் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டிலேயே நன்றாக ஆடும் 15 பேரின் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் அவர்களுக்கு இடம் தேடுவது. பெரும்பாலான தேர்வுக் குழுக்கள் சறுக்குவது இங்கேதான். ரக்பியில் முதலில் வேலையை எழுத வேண்டும். அந்த வேலைக்கு யார், அவருக்கு அடிபட்டால் அடுத்து யார் என்று பார்த்த பிறகே பெயர்.

ஹூக்கரை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணி வீரர்களும் கோத்துக்கொண்டு பந்துக்காக முட்டித் தள்ளும்போது, முன்வரிசையின் நடுவில் நிற்பவர் அவர். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிய பின் நடக்கும் லைன்-அவுட்டில் அதை உள்ளே எறிவதும் பெரும்பாலும் அவர்தான். சக வீரர்கள் தூக்கிப் பிடித்திருக்கும் ஒருவரின் விரல்நுனிக்கு, அந்த நொடியில் பந்து போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பந்து எதிரணிக்கு. 2023 உலகக் கோப்பையின் நடுவில் தென்னாப்பிரிக்க ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயத்தால் விலகினார். அவருக்குப் பதில் அழைக்கப்பட்டவர் ஹூக்கர் அல்ல, உதைப்பதில் கைதேர்ந்த ஹாண்ட்ரே பொல்லார்ட். இறுதிப் போட்டி தொடங்கிய சில நிமிடங்களில் இன்னொரு ஹூக்கரான போங்கி ம்போனாம்பியும் அடிபட்டு வெளியேற, 37 வயது டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றார். லைன்-அவுட் தடுமாறியது. ஆனாலும் 12-11 என வென்றார்கள். அந்த 12 புள்ளிகளும் பொல்லார்ட் உதைத்தவை.

இதைப் பார்த்து ‘ஒரு ஹூக்கர் போதும்’ என்று முடிவு கட்டக் கூடாது. ஃபூரி முன்பு பல ஆண்டுகள் ஹூக்கராக ஆடியவர். அப்படி ஒருவர் கையில் இல்லாத அணி அதே கணக்கைப் போட்டால் மாட்டிக்கொள்ளும். அதே இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் மாற்று வீரர்கள் பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகளும் (ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளுபவர்கள்) ஒரே ஒரு பேக்கும் (பின்னால் நின்று பந்தோடு ஓடுபவர், உதைப்பவர்) இருந்தார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. பல இடங்களில் ஆடத் தெரிந்த பேக்குகள் இருந்தால்தான் அது சரிப்படும்.

அடுத்தது ஒரு நாட்டுக்காக ஆடுவதற்கான தகுதி. பாஸ்போர்ட் இருந்தால் ஆடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது வீரர் தொடர்ந்து 60 மாதங்கள் அந்த நாட்டு ரக்பி அமைப்பில் மட்டுமே பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே மொத்தம் பத்து ஆண்டுகள் வசித்திருந்தாலும் சரி. 2018-ல் தகுதியில்லாத வீரர்களை ஆடவைத்ததற்காக ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூன்றும் தகுதிச் சுற்றுப் புள்ளிகளை இழந்தன. அதனால் 2019 உலகக் கோப்பைக்கு ரஷ்யா போனது. ஸ்பெயின் அடுத்த முறை ஆடுகளத்தில் போராடி 2023-க்கு இடம் பிடித்து, மறுபடியும் இதே காரணத்தால் அதைப் பறிகொடுத்தது. வருடக்கணக்கில் உடம்பை வருத்திய வீரர்கள் ஓர் ஆவணத்தால் வீட்டில் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. பயண முத்திரைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் முகாமுக்கு அழைக்கும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது) அடித்த வீடியோக்களை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வதும் வேண்டாம். பந்து கையில் இல்லாதபோது அந்த வீரர் என்ன செய்கிறார்? 70-வது நிமிடத்தில் எதிரணி வீரரைப் பிடித்துச் சாய்த்து (டேக்கிள்) விழுந்தவர் எவ்வளவு சீக்கிரம் எழுந்து வரிசைக்குத் திரும்புகிறார்? முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் இது தெரியும்.

கடைசியாக, இடம் கிடைக்காதவர்களை மறந்துவிடுவது. என்ன குறை என்று பயிற்சியாளரே நேரில் சொல்ல வேண்டும், தொடர்பிலும் இருக்க வேண்டும். 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் டேன் கார்ட்டர், காலின் ஸ்லேட் இருவரும் அடுத்தடுத்துக் காயமடைந்தார்கள். இறுதிப் போட்டியில் அதே இடத்தில் ஆடிய ஆரன் க்ரூடனும் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். உள்ளே வந்த ஸ்டீபன் டொனால்ட் உதைத்த பெனால்டியால்தான் பிரான்ஸை 8-7 என வென்றார்கள். முதல் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அழைப்பு வந்தபோது அவர் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.