வரவு இடது, செலவு வலது: ஒரு மாதக் கணக்கை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம்

கணக்கீடு படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "வாடகை கட்டினால் அது செலவுதானே, பிறகு ஏன் அதை வரவுப் பக்கத்தில் எழுதச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் நிறையப் பேருக்கு இதற்குப் பதில் கிடைப்பதில்லை, "அப்படித்தான், பாடமாக்கு" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். பாடமாக்கிய பிள்ளைக்கு மூன்றாம் பாடத்திலேயே எல்லாம் குழம்பிவிடுகிறது.

பதில் இதுதான். கணக்கேட்டில் வரவு என்பது இடது பக்கத்தின் பெயர், செலவு என்பது வலது பக்கத்தின் பெயர். அவ்வளவுதான். வீட்டில் "இந்த மாதம் வரவை விடச் செலவு கூட" என்று அம்மா சொல்கிற வரவு செலவை இங்கே கொண்டுவராதீர்கள். வாடகை, கூலி போன்றவற்றை இந்தப் பதிவு முழுக்கச் செலவினம் என்று எழுதுகிறேன், அப்போது குழப்பம் வராது.

இன்னொரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, விளங்காத இடத்தை யூடியூப்பில் தேடினால் தமிழ்நாட்டு வீடியோக்கள்தான் முதலில் வரும். நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே டெபிட்டுக்குப் பற்று என்றும் கிரெடிட்டுக்கு வரவு என்றும் பெயர். இலங்கையில் நமக்கோ டெபிட்தான் வரவு, கிரெடிட் செலவு. ஒரே சொல், நேர் எதிர்ப் பக்கம்! அங்கே இருப்பாய்வு என்றால் நமது பரீட்சை மீதி, ரொக்க ஏடு என்றால் காசேடு, தேய்மானம் என்றால் பெறுமானத் தேய்வு. இது தெரியாமல் இரண்டையும் கலந்து படித்து விடைத்தாளில் பக்கம் மாற்றி எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வீடியோ பார்க்கும்போது கொப்பியின் ஓரத்தில் டெபிட், கிரெடிட் என்று குறித்துக்கொண்டு பாருங்கள்.

சரி, ஒரு கணக்கு எழுதுவோம். சி.ஆர். கொப்பி ஒன்று, பேனை, அடிமட்டம் போதும். மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம், கையால் ஒரு மாதம் எழுதினால்தான் கணினி உள்ளே என்ன செய்கிறது என்று விளங்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் ஆள் வெள்ளவத்தையில் ஒரு கடையின் மூலையை வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூடப் பைகள் விற்கிற ஒரு தங்கச்சி. மே மாதம் நடந்தவை இவை:

மே 1: சொந்தக் காசு 100,000 ரூபா போட்டுத் தொடங்கினார்.
மே 2: பை அடுக்க அலுமாரி, 24,000 காசுக்கு.
மே 3: புறக்கோட்டை மொத்தக் கடையில் 40 பைகள், ஒன்று 1,500 வீதம் 60,000. அதில் 40,000 காசாகக் கொடுத்தார், 20,000 கடன்.
மே 8: 15 பைகள் 2,200 வீதம் காசுக்கு விற்றார், 33,000.
மே 12: ஒரு டியூஷன் வகுப்புக்கு 10 பைகள் 2,100 வீதம் கடனுக்கு, 21,000.
மே 15: பைகளை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்த ஓட்டோக் கூலி 2,400.
மே 20: டியூஷன் வகுப்பு 15,000 தந்தது.
மே 22: மொத்தக் கடைக்கு 12,000 கட்டினார்.
மே 25: அம்மாவின் மருந்துக்காகக் கடைக் காசில் 5,000 எடுத்தார்.
மே 30: வாடகை 6,000.

படி 1: துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்

ஒரு துண்டு கூட இல்லாமல் ஏட்டில் எதையும் எழுதக் கூடாது. மொத்தக் கடை பில், நீங்கள் கொடுத்த பற்றுச்சீட்டின் பிரதி, இவைதான் மூல ஆவணங்கள். ஓட்டோக்காரர் பில் தர மாட்டார், அதற்கு நீங்களே ஒரு உறுதிச்சீட்டு எழுதுங்கள்: திகதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, யார் கொடுத்தது, கையெழுத்து. இப்போது பல கடைகளில் வழவழப்பான தாளில் பில் அடித்துத் தருகிறார்கள், கொழும்பு வெயிலிலும் வியர்வையிலும் சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி

இந்தப் படிதான் முழுப் பாடமும். இங்கே அவசரப்படாதீர்கள்.

எந்தக் கொடுக்கல் வாங்கலாக இருந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் பெறுமதி எங்கிருந்து வந்தது? அது எதற்குப் போனது? எங்கிருந்து வந்ததோ அது வலது, அதாவது செலவு. எதற்குப் போனதோ அது இடது, அதாவது வரவு. இரண்டு பக்கமும் தொகை ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் ஒரே பெறுமதியைத்தான் இரண்டு பக்கம் நின்று பார்க்கிறோம். வெனிஸ் வணிகர்கள் எழுதிவந்த இந்த முறையை லூக்கா பசியோலி என்ற துறவி 1494இல் அச்சில் விளக்கி வைத்தார். இன்றைக்கும் அதே முறைதான்.

மே 1ஐப் பாருங்கள். பெறுமதி எங்கிருந்து வந்தது? உரிமையாளரிடமிருந்து, ஆகவே மூலதனம் வலது. எதற்குப் போனது? காசுப் பெட்டிக்கு, ஆகவே காசு இடது. நாளேட்டில், அதாவது நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுகிற ஏட்டில், இப்படி எழுதுவோம்:

காசுக் கணக்கு வரவு 100,000
மூலதனக் கணக்கு செலவு 100,000
உரிமையாளர் காசாக இட்ட மூலதனம்.

கடைசி வரியை விடாதீர்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த ஒரு வரிதான் உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

இனி வாடகை. 6,000 எங்கிருந்து வந்தது? காசுப் பெட்டியிலிருந்து, காசு வலது. எதற்குப் போனது? ஒரு மாதம் அந்த மூலையைப் பாவித்ததற்கு, வாடகை இடது. அதனால்தான் செலவினம் வரவுப் பக்கத்தில் வருகிறது.

மே 3 கொஞ்சம் பெரியது. 60,000 பெறுமதியான பைகள் வந்தன, கொள்வனவு இடது. எங்கிருந்து? 40,000 காசுப் பெட்டியிலிருந்து, 20,000 மொத்தக் கடை நம்பித் தந்த கடனிலிருந்து. ஆக வலது பக்கத்தில் இரண்டு வரி: காசு 40,000, கடன்கொடுத்தோர் 20,000. கூட்டினால் 60,000. மே 22இல் அந்தக் கடனில் 12,000 கட்டும்போது அது புதுச் செலவினம் இல்லை, பழைய கடன் குறைகிறது. கடன்கொடுத்தோர் இடது, காசு வலது.

மே 25தான் பிள்ளைகள் அதிகம் பிழை விடுகிற இடம். அம்மாவின் மருந்து அவசியமானது, அதில் யாருக்கும் கேள்வி இல்லை. ஆனால் அது கடையின் செலவினம் அல்ல. கணக்கீட்டில் கடை வேறு, கடைக்காரர் வேறு. உரிமையாளர் தன் தேவைக்கு எடுத்தது எடுப்பனவு, அந்தக் கணக்கு இடது, காசு வலது. இதை வாடகையோடு சேர்த்து எழுதினால் உண்மையில் இலாபம் வந்த மாதம் கூட நட்டம் மாதிரித் தெரியும். கொழும்பில் எத்தனையோ சின்னக் கடைகளில் கல்லாவும் வீட்டுப் பேர்ஸும் ஒன்றாகவே கிடக்கின்றன, வியாபாரம் ஓடுகிறதா இல்லையா என்று முதலாளிக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

படி 3: பேரேட்டுக்கு மாற்றுங்கள்

நாளேடு நடந்த வரிசையில் இருக்கும். பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம், நடுவில் ஒரு கோடு. காசுக் கணக்கை மட்டும் சேர்ந்து பார்ப்போம். இடது பக்கம் 100,000, 33,000, 15,000, கூட்டினால் 148,000. வலது பக்கம் 24,000, 40,000, 2,400, 12,000, 5,000, 6,000, கூட்டினால் 89,400. வித்தியாசம் 58,600. இதுதான் மீதி.

இப்போது பேனையை வைத்துவிட்டு காசுப் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். 58,600 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒன்று எழுதப்படவில்லை. இதை மாதக் கடைசியில் அல்ல, தினமும் பூட்டுகிற நேரத்தில் செய்வது நல்லது. நேற்றைக்கு என்ன நடந்தது என்பது ஞாபகம் இருக்கும், மூன்று வாரத்துக்கு முந்தியது இருக்காது.

வங்கிக் கணக்கு இருந்தால் ஒன்று கவனியுங்கள். நீங்கள் வைப்பிலிட்ட காசு வங்கிக் கூற்றில் கிரெடிட் என்று வரும், உங்கள் ஏட்டிலோ அது வரவு, அதாவது டெபிட். வங்கி தன் ஏட்டை உங்களுக்குக் காட்டுகிறது, அவர்களுக்கு அந்தக் காசு உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு.

படி 4: பரீட்சை மீதி

எல்லாக் கணக்கின் மீதியையும் ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதுங்கள். இடது: காசு 58,600, தளபாடம் (அலுமாரி) 24,000, கொள்வனவு 60,000, கடன்பட்டோர் (டியூஷன் வகுப்பு இன்னும் தர வேண்டியது) 6,000, விநியோகச் செலவினம் (ஓட்டோக் கூலி) 2,400, எடுப்பனவு 5,000, வாடகை 6,000. வலது: மூலதனம் 100,000, விற்பனை 54,000, கடன்கொடுத்தோர் 8,000. இரண்டும் 162,000.

பொருந்தாவிட்டால் பதறாதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மாதக் கணக்கில் 1,800 உதைத்தது. புறக்கோட்டையில் கடைகள் எல்லாம் ஷட்டர் இழுத்த பிறகும் ஒவ்வொரு பில்லாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த வயதான கணக்கப்பிள்ளை ஐயா வந்து, தாளின் மூலையில் 1,800ஐ 9ஆல் வகுத்து 200 என்று எழுதிவிட்டு, "இலக்கம் திரும்பியிருக்கு தம்பி, நூறும் ஆயிரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதைப் பார்" என்றார். பத்து நிமிடத்தில் கிடைத்தது, 2,400 என்ற கூலி பேரேட்டில் 4,200 ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் காட்டித் தந்ததை இன்றும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். இன்னொன்று, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 12,000 வித்தியாசம் என்றால் 6,000 என்று ஒரு தொகை பக்கம் மாறி விழுந்திருக்கலாம்.

பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பில்லை முழுதாக எழுதாமல் விட்டாலும், மருந்துக் காசை வாடகையில் எழுதினாலும் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தும். அதைப் பரீட்சை மீதி காட்டாது, துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

படி 5: இலாபமா நட்டமா

40 பை வாங்கினார், 25 விற்றார், 15 அலுமாரியில் இருக்கிறது. அந்த 15இன் கிரயம் 22,500, அதுதான் இறுதி இருப்பு. விற்ற பைகளின் கிரயம் 60,000இல் 22,500 போக 37,500. விற்பனை 54,000இலிருந்து அதைக் கழித்தால் மொத்த இலாபம் 16,500. பைகளைப் புறக்கோட்டையிலிருந்து கொண்டுவர ஓட்டோ பிடித்திருந்தால் அந்தக் கூலி பையின் கிரயத்தோடு சேரும், நமது 2,400 கொண்டுபோய்க் கொடுத்ததற்கு என்பதால் கீழே வருகிறது.

அலுமாரி ஐந்து வருடம் உழைக்கும், பிறகு அதற்கு விலை இல்லை என்று வைத்தால் 24,000ஐ 60 மாதத்தால் வகுக்க மாதம் 400 பெறுமானத் தேய்வு, அதாவது பாவிக்கப் பாவிக்க அதன் பெறுமதியில் குறைகிற பங்கு. 16,500இலிருந்து 2,400, 6,000, 400 மூன்றையும் கழித்தால் தேறிய இலாபம் 7,700.

100,000 போட்ட தங்கச்சியின் பெட்டியில் இப்போது 58,600தான் இருக்கிறது, ஆனாலும் 7,700 இலாபம். காசு வேறு, இலாபம் வேறு. மிச்சம் எங்கே என்று கேட்டால் அடுத்த கூற்று பதில் சொல்லும்.

படி 6: நிதிநிலைமைக் கூற்று

பழைய ஆட்கள் இதை ஐந்தொகை என்பார்கள். சொத்துகள்: அலுமாரி 23,600, இருப்பு 22,500, டியூஷன் வகுப்பு தர வேண்டியது 6,000, காசு 58,600. கூட்டினால் 110,700. மறுபக்கம்: மூலதனம் 100,000, அதோடு இலாபம் 7,700, எடுப்பனவு 5,000 கழித்தால் 102,700. மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டியது 8,000. அதுவும் 110,700.

நாம் பழகுவதற்காக மாதக் கடைசியில் மூடினோம், இங்கே வழக்கமான நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மூடியதும் விற்பனை, கொள்வனவு, வாடகை, விநியோகம், எடுப்பனவு எல்லாம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஜூன் 1ஆம் திகதிப் பக்கத்தில் அலுமாரி, 15 பைகள், 6,000, 58,600 இடது பக்கம், 8,000 கடனும் 102,700 மூலதனமும், அதோடு அலுமாரியின் கிரயத்தை 24,000 ஆகவே வைத்திருந்தால் திரண்ட தேய்வு, அதாவது இதுவரை சேர்ந்த தேய்வு, 400உம் வலது பக்கம். அங்கிருந்து ஜூன் மாதத்தை நீங்களே ஒரு பத்துக் கொடுக்கல் வாங்கல் போட்டு எழுதிப் பாருங்கள், டியூஷன் வகுப்பு மிச்ச 6,000ஐத் தருவதிலிருந்து தொடங்கலாம்.