புது ஆட்டோகேட்ல பழைய கை: திரும்பத் திரும்ப நடக்கற தப்புங்க

போன வாரம் சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் எங்க ஆபீஸ்ல புதுசா ரெண்டு பசங்க சேர்ந்தாங்க. ரெண்டு பேரும் டிப்ளமோ மெக்கானிக்கல், காலேஜ்ல ஆட்டோகேட் (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற சாஃப்ட்வேர்) 2016 வெர்ஷன்ல பழகுனவங்க, இங்க இருக்கறது புதுசு. ஒருத்தன் டிஆர் (டிரிம், அதாவது கோட்ட வெட்டற கமாண்டு) அடிச்சு ஸ்பேஸ் பாரை (இதுல அதுவும் என்டர் தான்) ரெண்டு தட்டு தட்டுனான், கோட்டு மேல கிளிக் பண்ணான், ஒண்ணும் வெட்டுப்படல, கோட்டு மேல நீலக் கலர்ல சின்னச் சின்ன கட்டம் வந்து நின்னுச்சு. "அண்ணா, ஹேங் ஆயிடுச்சுங்கண்ணா"ன்னான். அதக் கேட்டதும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா இதே வார்த்தைய நானும் ஒரு நாள் சொன்னேன், அதுக்கு நான் கைக்காசு கட்டுனது 18,000 ரூபாய்க்கு மேல.

அதனால தான் இத எழுதறேன். சேவ் பண்ண மறக்கறது, யூனிட் பார்க்காம வரையறது, லேயர் ஜீரோல எல்லாத்தையும் போடறது, இதெல்லாம் எல்லா மாஸ்டரும் சொல்றது தான், விட்டுடறேன். வெர்ஷன் மாறும்போது மட்டும் வர்ற தப்புங்க இவை.

கிளாசிக் முகத்தைத் தேடி அலையறது

ரிப்பன், அதாவது மேல பட்டன் எல்லாம் அடுக்கி இருக்கற பட்டை, 2009 வெர்ஷன்ல வந்துச்சு. பழைய டூல்பார் முகத்தை அப்பவே ஒரேடியா தூக்கிடல, கிளாசிக் ஒர்க்ஸ்பேஸ்னு ஒண்ணு கூடவே வந்துட்டு இருந்துச்சு, 2015ல தான் அத எடுத்தாங்க. எடுத்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் பாருங்க, பத்து வருஷ சர்வீஸ் இருக்கறவரு கூட புது வெர்ஷன் போட்ட அன்னிக்கு ஒரு முழுநாள் உக்காந்து ஒவ்வொரு டூல்பாரா இழுத்து பழைய மாதிரி அடுக்கிட்டு இருப்பாரு. வேணாங்க. மெனுபார்னு அடிச்சு 1 குடுத்தா மேல பழைய ஃபைல், எடிட், வியூ மெனு வந்துரும், அது போதும், மீதி ரெண்டு வாரத்துல கை தானா பழகிரும்.

இன்னொண்ணு. பட்டன் இடம் மாறுனதால யாரு வேலையும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்ல. நேரம் தான் போகும், தேடுனா கெடைச்சுரும். பேரு மாறாம, ஷார்ட்கட் மாறாம, உள்ள நடக்கறது மட்டும் மாறியிருக்கும் பாருங்க, அது தான் ஆளக் கவுக்கும்.

கமாண்ட் லைன மூடி வெக்கறது

நீங்க அடிக்கறதும் அது கேக்கறதும் தெரியற கீழ் வரி அது. கன்ட்ரோல் 9, திறந்து வைங்க.

டிரிம்: வெட்டற கோட்ட முதல்ல தொடறது

2020 வரைக்கும் டிரிம் எப்படி? டிஆர் அடிச்சு என்டர் குடுத்தா, எத வெச்சு வெட்டணும்னு முதல்ல கேக்கும். கத்தி எதுன்னு காட்டணும், என்டர், அப்புறம் வெட்டுப்பட வேண்டியத தொடணும். எல்லாமே கத்தியா இருக்கட்டும்னா வெறுமனே இன்னொரு என்டர். வருஷக்கணக்கா இதே தான், கண்ண மூடிட்டு கை பண்ணும்.

2021ல குயிக் மோட்னு ஒண்ணு வந்துச்சு, இன்ஸ்டால் பண்ணும்போதே அது தான் ஆன்ல இருக்கும். இதுல கத்தி எதுன்னு கேக்கவே கேக்காது. ஸ்கிரீன்ல இருக்கற எல்லாமே கத்தி, சென்டர் லைன் உட்பட. நீங்க முதல் கிளிக் எதுல பண்றீங்களோ அதையே வெட்டும். எதுவும் குறுக்க போகாத தனி வட்டமோ கோடோ கிளிக் ஆச்சுன்னா வெட்ட வழியில்லைன்னு விடாது, அழிச்சிரும். வெறுமனே என்டர் தட்டுனா கமாண்டு முடிஞ்சிரும், அப்புறம் நீங்க பண்ற கிளிக் எல்லாம் வெறும் செலக்‌ஷன், அந்த நீலக் கட்டம் அதனால தான் வருது. ஹேங் எல்லாம் ஒண்ணும் இல்ல.

இப்ப என் கதைய சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு மெஷின் கட்டித் தர்ற ஒருத்தரு ஜல்லடைக்கு சைடு கவர் கேட்டாரு, 2 எம்எம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, மொத்தம் 26 கவர். மாவு படியற எடம், அடிக்கடி கழட்டிக் கழுவணும், அதனால போல்ட்ட முழுசா கழட்டாம கவர லேசா தூக்கி எடுக்கற மாதிரி நாலு மூலையிலயும் கீஹோல் வேணும்னாரு. 7 எம்எம் ஸ்லாட், அதோட ஒரு முனையில 14 எம்எம் வட்டம், போல்ட்டு தலை அந்த வட்டத்துல நுழைஞ்சு ஸ்லாட்டுக்கு நகரும். சாதாரண வேலை. புது வெர்ஷன் போட்டு மூணாவது நாள் அது.

ரெண்டு கோடு போட்டு வட்டத்துக்குள்ள வரைக்கும் இழுத்து விட்டுட்டேன். கோட்டு முனை வட்டத்துக்குள்ள நீட்டிட்டு இருக்கறத வெட்டணும், அதனால வட்டத்த கத்தியா காட்டலாம்னு டிஆர், என்டர், வட்டத்து மேல ஒரு கிளிக். அந்த ஒரே கிளிக்ல வட்டத்தோட பெரிய வளைவு பூரா போயிருச்சு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்த குட்டி வில்லு மட்டும் மிச்சம். என் கண்ணு அங்க இல்ல, அடுத்து வெட்ட வேண்டிய முனையில இருந்துச்சு. பழக்கத்துல என்டர் தட்டுனேன், கமாண்டு முடிஞ்சிருச்சு, முனைய தொட்டா நீலக் கட்டம். ஹேங் ஆகுதுன்னு எஸ்கேப் அடிச்சு மறுபடியும் டிஆர் போட்டு முனை ரெண்டையும் தொட்டேன், வெட்டுப்பட்டுச்சு. அந்த நேரம் பார்த்து லேசர் கட்டிங் கடையில இருந்து போன், மத்தியானத்துக்குள்ள ஃபைல் வந்தா இன்னிக்கே ஷீட் ஏத்திடறோம்னு. ஸ்கிரீன பார்த்தேன், கோடு எல்லாம் மூடி ஒரு ஸ்லாட்டு இருக்கு, சரின்னு நாலு மூலைக்கும் காப்பி பண்ணி டிஎக்ஸ்எஃப் (வெட்டற கடைக்கு குடுக்கற ஃபைல்) எடுத்து அனுப்பிட்டேன்.

இதுல கொடுமை என்னன்னா அது மூடுன வடிவம். எங்கயாவது திறந்து கிடந்தா லேசர் கடைக்காரங்க ப்ரோக்ராம் போடும்போதே காட்டிக் குடுத்துருக்கும், கூப்பிட்டு கேட்டிருப்பாங்க. மூடியிருக்கற ஸ்லாட்ட அவங்க என்னன்னு கேப்பாங்க? அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. வந்தத வெட்டுனாங்க. அங்கிருந்து பெண்டிங் (வளைக்கறது), அங்கிருந்து பஃபிங் (பாலிஷ்), கண்ணாடி மாதிரி பளபளன்னு 26 கவரும் மில்லுக்கு போய், மாட்டற அன்னிக்கு தான் போல்ட்டு தலை நுழையலைன்னு தெரிஞ்சுது. 104 ஓட்டை. ஒவ்வொண்ணும் தப்பு.

எஸ்எஸ்ல கையால 14 எம்எம் ஓட்டை பெருசு பண்ணுனவங்களுக்கு தெரியும். ஸ்பீடு கொஞ்சம் கூடி அழுத்தம் கொஞ்சம் கொறைஞ்சா பிட்டு வெறுமனே தேய்க்கும், தேய்ச்ச எடம் இறுகிரும், அப்புறம் பிட்டு தான் எரியும். ஸ்டெப் டிரில் வாங்கி, ஆளு போட்டு ரெண்டு நாள், நழுவி விழுந்த கீறலுக்கு திரும்ப பஃபிங், எல்லாம் சேர்ந்து தான் மேல சொன்ன தொகை. அவரு ஒரு வார்த்த திட்டல. "சரி தம்பி, அடுத்த தடவ பார்த்து பண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு, அது தான் இன்னும் உறுத்துது.

என்னைய இன்னிக்கும் எரிச்சல் படுத்தறது பணம் கூட இல்லீங்க. நான் டிஆர் அடிச்ச அந்த நொடி கீழ கமாண்ட் லைன்ல தெளிவா எழுதியிருந்துச்சு, வெட்ட வேண்டியத செலக்ட் பண்ணுன்னு. பழசுல அந்த எடத்துல வெட்டற கோட்ட செலக்ட் பண்ணுன்னு இருக்கும். ஒரு வரி. அத படிச்சிருந்தா போதும். இப்ப சேர்ற பசங்கள்ல பாதிப் பேரு எடம் பத்தலைன்னு அந்த லைனையே மூடி வெச்சிருக்காங்க, அதான் மேல அவ்ளோ வெடுக்குன்னு சொன்னேன்.

சரி, என்ன பண்ணலாம்? டிரிம்எக்ஸ்டெண்ட்மோட், நடுவுல எடம் விடாம ஒட்டி அடிங்க. 0 குடுத்தா பழைய டிரிம், 1 குடுத்தா புதுசு. கோட்ட நீட்டற எக்ஸ்டெண்டுக்கும் சேர்த்து இதே செட்டிங் தான். இது டிராயிங்கோட போகாது, அந்தந்த மெஷின்ல தான் நிக்கும், அதனால பக்கத்து சீட்டுல உக்காந்து "ரெண்டு நிமிஷம்ணா"ன்னு வரையும்போது தான் மாட்டுவீங்க. ஒரு ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் ஒரே நம்பர் இருக்கணும், இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்ல.

குயிக் மோட் கெட்டதுன்னு சொல்லல. வீட்டு பிளான்ல சுவரு கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு போய் கிடக்கும்போது மவுச அழுத்திப் பிடிச்சு குறுக்க ஒரு இழு இழுத்தா பட்டதெல்லாம் வெட்டுப்படும், பழசுல அந்த வேகம் வராது. குயிக் மோட்லயே கத்திய தனியா காட்டணும்னா கமாண்டுக்குள்ள டி அடிச்சா கேக்கும். ஆனா வெட்டுக்கு போற டிஎக்ஸ்எஃப்னா நான் 0 தான்.

அதோட ஒரு பழக்கம் அன்னிக்கு இருந்து வெச்சிருக்கேன். ஓட்டை இருக்கற எடத்த மட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்கேல்ல ஏ4 பேப்பர்ல பிரிண்ட் போட்டு, நெஜ போல்ட்ட அது மேல வெச்சுப் பார்ப்பேன். ஒரு நிமிஷ வேலை. போல்ட்டு தலை 7 எம்எம் ஸ்லாட்டு மேல உக்காந்தா கொழந்தைக்கு கூட தெரிஞ்சிரும்.

இன்சர்ட் அடிச்சா பழைய பாக்ஸ் வரும்னு நம்பறது

பிளாக்க, அதாவது ஒரு தடவ வரைஞ்சு வெச்சுட்டு வேணுங்கற எடத்துல எல்லாம் வெக்கற படத்த, டிராயிங்ல வெக்கற கமாண்டு இன்சர்ட். அந்த பழைய பாக்ஸ் 2020ல இருந்து வராது. பக்கவாட்டுல பிளாக்ஸ்னு ஒரு பேலட் திறக்கும். அதுல அடியில ஸ்கேல், ரொட்டேஷன், எக்ஸ்ப்ளோட்னு டிக் இருக்கு, போன தடவ நீங்க வெச்சது அப்படியே நிக்கும். எக்ஸ்ப்ளோட் டிக் விழுந்தது தெரியாம ஒரு பையன் கதவு பிளாக்க நாப்பது எடத்துல வெச்சான், எல்லாம் உதிரி கோடு, கவுன்ட் எடுக்க முடியல. பழைய பாக்ஸ் தான் வேணும்னா கிளாசிக்இன்சர்ட்னு அடிங்க.

ரிப்பன் காணோம்னு ரீஇன்ஸ்டால் பண்றது

ரிப்பன்னு டைப் பண்ணுங்க, வந்துரும்.

தனியா போன டிராயிங்க தொலைஞ்சதா நெனைக்கறது

2022ல இருந்து டிராயிங் டேப பிடிச்சு வெளிய இழுத்தா தனி விண்டோவா வந்துரும். ரெண்டு மானிட்டருக்கு அருமை. ஒரே மானிட்டர்ல தெரியாம இழுத்துட்டு, ஃபைல் மூடிருச்சுன்னு மறுபடியும் திறந்தா ரீட் ஒன்லின்னு சொல்லும், அப்புறம் பேர மாத்தி சேவ் பண்ணி ரெண்டு ஃபைல் ஆக்கி வெச்சுருவாங்க, எது கடைசி ரிவிஷன்னு யாருக்கும் தெரியாது. மொதல்ல டாஸ்க்பார பாருங்க.

பழைய வெர்ஷன அன்னிக்கே தூக்கறது

இது எனக்கு ரெண்டாவது பெரிய வலி. புதுச போட்ட சந்தோஷத்துல பழச அன்இன்ஸ்டால் பண்ணி, மிச்சம் கிடந்த ஃபோல்டரையும் டெலிட் பண்ணிட்டேன். ஷார்ட்கட் எல்லாம் இருக்கற பிஜிபி ஃபைல், பேனா தடிமன் இருக்கற சிடிபி, பிளாட்டர் செட்டிங் பிசி3, டூல்பார் மாத்துன சியுஐஎக்ஸ், நாலும் அதோட போச்சு. ஷார்ட்கட்ட ஞாபகத்துல இருந்து ஒரு சாயங்காலத்துல திரும்ப எழுதிட்டேன். சிடிபி தான் கழுத்தறுத்துச்சு. ஏற்காட்டுல ஒரு காட்டேஜ் வேலைக்கு பிளான் பிரிண்ட் எடுத்து மேல அனுப்பியாச்சு, சுவரு, டைமென்ஷன், படி, எல்லாக் கோடும் ஒரே தடிமன். மேஸ்திரி போன் பண்ணி "தம்பி, எது சுவரு எது அளவுக் கோடுன்னே தெரியல"ங்கறாரு. ராத்திரி உக்காந்து ஒவ்வொரு கலருக்கும் தடிமன் திரும்ப வெச்சு, காலையில பிரிண்ட சுருட்டி பைக்ல கட்டிட்டு இருபது கொண்டை ஊசியும் ஏறிக் குடுத்துட்டு வந்தேன்.

இப்ப அந்த நாலு ஃபைலையும் பென் டிரைவ்ல வெச்சுட்டு தான் செட்டப் ஃபைலையே தொடறேன், பழசு ஒரு மாசமாச்சும் கூடவே கிடக்கும். ரீசெட் செட்டிங்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியும் இதே தான், அதுல பேக்கப் எடுத்துட்டு ரீசெட் பண்ற ஆப்ஷனே இருக்கு, அவசரத்துல அத தாண்டிப் போயிடாதீங்க.