சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததும் நாம் செய்யும் தவறுகள்

டாஷ்போர்டில் சிவப்பாக ஆயில் கேன் விளக்கு எரிந்தால், "ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, போற வழியில ஊத்திக்கலாம்" என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் விளக்கைப் பார்த்துப் பழகியதால் வந்த நினைப்பு இது. பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகும் பல கிலோமீட்டர் ஓட்டலாம். ஆயில் விளக்கு எரிந்த பிறகு ஒரு கிலோமீட்டருக்குக்கூட யாரும் உத்தரவாதம் தர முடியாது. காரணம், அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதே இல்லை. ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிறது. அளவையும் அழுத்தத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் இங்கே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

இன்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் ஆயில் தேங்கி நிற்கும். ஆயில் பம்ப் ஒரு குழாய் வழியாக அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியே தள்ளி, கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு), கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) என்று எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு வந்து சேரும் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் கிராங்க் சுற்றுகிறது. படலம் அறுந்தால் உலோகத்தில் உலோகம் உரசும். உரசலில் வரும் சூட்டில் மிச்சமிருக்கும் ஆயிலும் நீர்த்துப்போகும், அதனால் உரசல் இன்னும் கூடும். பேரிங் ஷெல் உருகி கிராங்கோடு ஒட்டிக்கொள்வதும், அதன் இடத்தைவிட்டுச் சுழன்றுவிடுவதும் இப்படித்தான். ரொம்ப மோசமானால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கில் ஓட்டையே போட்டுவிடும்.

பல கார்களில் இந்த விளக்கைப் போடும் சுவிட்ச், அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். சூடான இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் வெறுமனே ஓடும்போதே, 1 பார் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போது 3, 4 பார் தேவைப்படும். அப்படியென்றால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால், அது முன்னெச்சரிக்கை இல்லை. தேவையான அழுத்தம் அதற்கு முன்பே போய்விட்டது. "விளக்கு எரியலையே, அப்ப ஆயில் இருக்கு" என்ற வாதமும் இதே காரணத்தால் செல்லாது. ஒன்றரை லிட்டர் குறைந்தும் விளக்கு எரியாமலேயே ஓடும் கார்கள் நிறைய. சில கார்களில் அளவு குறைந்ததைச் சொல்ல மஞ்சள் நிறத்தில் தனி விளக்கு உண்டு. அது வேறு, இது வேறு.

வளைவில் மட்டும் மினுக்கினால்

வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ விளக்கு ஒரு நொடி மினுக்கி அணையும். நேராகப் போகும்போது எதுவும் இல்லை. "சென்சார் கம்ப்ளெயின்ட்" என்று விட்டுவிடுவோம். சம்ப்பில் இருக்கும் கொஞ்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, டம்ளர் அடியில் மிச்சமிருப்பதை ஸ்ட்ரா சத்தத்தோடு உறிஞ்சுவதுபோல, பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. அந்த ஒரு நொடி பேரிங்குக்குப் போவது நுரை. இன்ஜின் பிழைத்துக்கொள்ளக் கிடைக்கும் கடைசி நல்ல வாய்ப்பு பெரும்பாலும் இந்த மினுக்கல்தான். அன்றைக்கே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இழுத்துப் பார்த்து ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சென்சார் கெட்டுப்போவதும் உண்மைதான், அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது, முதலில் இல்லை.

டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நம்புவதும் இதே ரகம். அந்த முள் காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பத்தை. உள்ளே பேரிங் கருகிக்கொண்டிருக்கும்போதும் அது சாதுவாக நடுவிலேயே நிற்கும்.

ஓரம் கட்டிய பிறகும் செய்யும் தவறுகள்

விளக்கு அணையாமல் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, வண்டி நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். வண்டி ஓடும்போதே சாவியைத் திருப்பாதீர்கள். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக்குக்கான உதவி சில மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நின்றதும் உடனே அணைப்பது முக்கியம். "கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு ஆறட்டும்" என்பது டர்போ கார்களுக்குச் சொல்லும் பழைய அறிவுரை. இங்கே அது நேர் எதிராக வேலை செய்யும். பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐடிலில்தான் ஆயில் அழுத்தம் மிகக் குறைவு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. ஆயில் பஞ்சத்தில் முதலில் பலியாகும் பாகங்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது டிப்ஸ்டிக். நிறுத்திய உடனே இழுத்துப் பார்த்து "ஆயிலே இல்ல" என்று பதறுவது, சரிவில் நிறுத்திப் பார்ப்பது, துடைக்காமல் பார்ப்பது, மூன்றுமே பொய்க் கணக்குக் காட்டும். சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டால்தான் மேலே இருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கும். இழுத்து, துடைத்து, முழுசாக உள்ளே விட்டு மறுபடி இழுங்கள். பெரும்பாலான கார்களில் மேல்குறிக்கும் கீழ்குறிக்கும் நடுவில் சுமார் ஒரு லிட்டர். குச்சியின் நுனியில்கூட ஒட்டவில்லை என்றால் ஒரு லிட்டருக்கும் மேல் காணவில்லை என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கே இல்லாத புதுக் கார்களில் திரையில்தான் அளவு பார்க்க வேண்டும். எப்போது, எப்படிப் பார்ப்பது என்று கையேட்டில் இருக்கும்.

அளவு குறைவாக இருந்தால் ஊற்றலாம். இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, பயத்தில் கேன் முழுவதையும் கவிழ்த்துவிடுவது. மேல்குறியைத் தாண்டி நிறைய போனால் சுற்றும் கிராங்க் ஆயிலிலேயே அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, ஆயில் சீல்களும் கசியும். அரை லிட்டர் ஊற்றி, காத்திருந்து, பார்த்து, அப்புறம் அடுத்தது. இரண்டாவது, கிரேடு தெரியாமல் ஊற்றுவது. கையேட்டில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ போட்டிருக்கும், அதோடு ஏபிஐ அல்லது ஏசிஇஏ தரக்குறியும் இருக்கும். நடுவழியில் அது கிடைக்காவிட்டால் வேறு கிரேடு கார் இன்ஜின் ஆயிலை ஊற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போய் மாற்றிக்கொள்வதில் தப்பில்லை, வெறும் சம்ப்போடு ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். கியர் ஆயில், டூ ஸ்ட்ரோக் ஆயில் போன்றவை மட்டும் வேண்டாம்.

ஊற்றியபின் ஸ்டார்ட் செய்து, விளக்கு சில நொடிகளில் அணைந்து, எந்தச் சத்தமும் இல்லாமல், கீழே ஆயில் கொட்டாமலும் இருந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். விளக்கு அணையாவிட்டால் போகக்கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிவது நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதிகப் பயம் தரும் நிலைமை. பம்ப் பழுதாகியிருக்கலாம், மாற்றாமல் விட்ட பழைய ஆயில் சகதியாகி உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்திருக்கலாம், கல்லில் இடித்துச் சம்ப் நசுங்கி அந்தக் குழாயின் வாயையே மூடியிருக்கலாம். சென்சாராகவும் இருக்கலாம். சென்சார்தானா, உண்மையிலேயே அழுத்தம் இல்லையா என்று சொல்லக்கூடியது, சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிப் பார்க்கும் ஆயில் பிரஷர் கேஜ் மட்டும்தான்.

சத்தத்தைத் தப்பாகப் படிப்பது

இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய டிக்டிக் சத்தம் பெரும்பாலும் வால்வுகளைத் தள்ளும் டாப்பெட்டுக்கு ஆயில் போகாததால் வருவது. ஆயில் ஊற்றியதும் அடங்கிவிடுவதுண்டு. அடியிலிருந்து கனமாக டக் டக் என்று, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடி வந்தால் அது பேரிங் தட்டும் சத்தம். தேய்ந்த பேரிங் ஆயில் ஊற்றினால் திரும்ப முளைக்காது. கெட்டியான ஆயிலோ, சத்தம் குறைக்கும் மருந்தோ ஊற்றினால் தட்டல் சில நாள் அமுங்கும். பழைய கார் விற்பவர்கள் சிலர் செய்யும் வேலையும் அதுதான். இடைவெளி அப்படியே இருக்கும், கிராங்க் தேய்ந்துகொண்டே இருக்கும். தட்டல் கேட்ட இடத்திலேயே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனால், கிராங்கைப் பாலிஷ் செய்தோ கிரைண்ட் செய்தோ காப்பாற்ற வழி இருக்கிறது. ஓட்டிக்கொண்டே போனால் பிளாக்கோடு போய்விடும். டோயிங் செலவுக்குப் பார்த்து இன்ஜினை இழப்பது கணக்குத் தெரியாத சிக்கனம்.

இன்ஜின் அணைந்துவிட்டது, சாவி திருப்பினால் டொக் என்று மட்டும் கேட்கிறது என்றால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும், கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுப்பதும் இன்னும் மோசம். ஒட்டிக்கொண்டிருப்பதை முரட்டுத்தனமாகப் பிய்த்தால், பாலிஷில் தப்பியிருக்க வேண்டிய பரப்பு கிழிந்துபோகும். அரை மணி நேரம் ஆறிய பிறகு தானாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தோஷப்பட்டு ஓட்டிவிடுவதும் உண்டு. ஆறியதில் உலோகம் சுருங்கி இடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். காயம் ஆறவில்லை. இன்ஜின் ஜாமா அல்லது வெறும் பேட்டரி, ஸ்டார்ட்டர் கோளாறா என்று தெரிய, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பிப் பார்ப்பார்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் இழுக்கவே வேண்டாம், மேலே ஏற்றிச் செல்லும் வண்டிதான் பாதுகாப்பு. இல்லாவிட்டால் இன்ஜினோடு கியர்பாக்ஸும் சேரும்.

ஒர்க்‌ஷாப்பில் அவசரம்

இன்ஜினை இறக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் மினுமினுத்தால் உலோகத் துகள். ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளையும் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துணுக்குகள் பேரிங்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஒட்டினால் எஃகு பாகம் ஏதோ தேய்ந்திருக்கிறது. பிரஷர் கேஜ், கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டும் பார்த்த பிறகு எடுக்கும் முடிவுக்கும், சத்தத்தை மட்டும் கேட்டு எடுக்கும் முடிவுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வரலாம்.

செலவைக் குறைக்க பேரிங் மட்டும் மாற்றி மூடிவிடுவது பலரும் விழும் குழி. கிராங்கின் தேய்மானத்தை மைக்ரோமீட்டரில் அளக்காமல் போட்ட புது பேரிங் சீக்கிரமே மறுபடி தட்டும். பழைய பேரிங்கின் துகள்கள் ஆயில் வழித்தடங்களிலும், ஆயில் கூலரிலும், டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயிலும் ஒளிந்திருக்கும். பிளாக்கின் வழித்தடங்களைக் கழுவலாம். கூலரை முழுசாகச் சுத்தம் செய்வது கடினம், பெரும்பாலும் மாற்றுவதுதான் நல்லது. பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவதாக இருந்தாலும், மாட்டும் முன் சம்ப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெளியே இருக்கும்போது ஆயில் சீல் மாற்றுவது எளிது, மாட்டிய பிறகு இரட்டை வேலை.

எல்லாவற்றையும்விட, ஆயில் எங்கே போனது என்று கேட்காமல் வண்டியை எடுத்துவருவது எனக்குப் புரிவதே இல்லை. கீழே சொட்டு விழாவிட்டால் ஆயில் குறையாது என்ற நம்பிக்கை தவறு. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் ஆயில் எரிந்து போகும், நீலப் புகை எல்லா நேரமும் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிப்பதைச் சில தயாரிப்பாளர்களே இயல்பு என்கிறார்கள். நாலு லிட்டர் ஆயில் பிடிக்கும் இன்ஜின் இந்தக் கணக்கில் 5,000 கிலோமீட்டரில் இரண்டரை லிட்டரை இழந்திருக்கும். அடுத்த சர்வீஸோ 10,000 கிலோமீட்டரில். "சர்வீஸ் தவறாம விடறேனே" என்பவர்களின் இன்ஜினும் போவது இதனால்தான். ஆயில் மாற்றிய சில நாளிலேயே குறைந்தால் வேலையைச் சந்தேகப்படுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டிருப்பார்கள். டிரெயின் பிளக் மரை போயிருக்கும், வாஷர் மாற்றியிருக்க மாட்டார்கள்.

டீசல் கார்களில் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பின் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும் குறுகிய ஓட்டங்களில், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போகும். குறையவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நீர்த்த ஆயிலுக்கும் அழுத்தம் நிற்காது.

இன்ஜின் வேலை முடிந்து முதல்முறை ஸ்டார்ட் செய்யும் முன், பற்றவைக்காமல் சுற்ற விட்டு ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த பேரிங்கோடு சுற்றும் முதல் சில நொடிகளே புது வேலையைக் கெடுக்கப் போதும். முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் வழக்கமான இடைவெளிக்குப் போகலாம். மறுபடி செம்புத் துணுக்குகள் தெரிந்தால், "ஓட்டிப் பாருங்க, சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் சம்ப்பைக் கழற்ற வைப்பதுதான் சரி.